காமிராவைத் தாங்கும் வார்

பங்குனி உத்திரத்தன்று விடியற்காலையில் டாலிகஞ்ச் சந்திப்பில் நின்றால், நம்மவர் பலரைப் பேருந்து நிறுத்தத்தில் காணலாம். ஒரு கையில் அருச்சனைத் தட்டு, மறு கையில் குழந்தை, கழுத்தில் காமிரா. வெற்றிமலை முருகன் கோயிலில் காவடி காணப் புறப்பட்டவர்கள் அவர்கள். அன்று அவர்கள் எடுக்கும் படங்கள் மாலைக்குள்ளேயே சிவகங்கைக்கும் தூத்துக்குடிக்கும் சென்று சேர்ந்துவிடுகின்றன. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், பேரன் காவடி எடுத்ததைப் பாட்டியார் நேரிற் கண்டதுபோல் மகிழ்கின்றார். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்குப் படம் என்பது கடிதத்தின் மறுபாதி.

அந்தக் காமிராவை வாங்குமுன் எத்தனை பேரிடம் வினவுகின்றோம்! லென்ஸ் எத்தகையது, எத்தனை இலட்சம் புள்ளிகள், எந்த நாட்டுச் செய்பொருள் என்று மாதக்கணக்கில் ஆராய்கின்றோம். ஆனால் அது எதிலே தொங்கப்போகின்றது என்பதை ஒரு நிமிடமும் எண்ணுவதில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த, நிறுவனத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்த பட்டை ஒன்றே போதுமெனக் கொள்கின்றோம். இதனைக் கடைக்காரர் பெல்ட் என்பார்; இளைஞர் ஸ்ட்ராப் என்பர். முரசுக்கும் செருப்புக்கும் வழங்கிய பழஞ்சொல்லாகிய வார் என்பதே இதற்கும் பொருந்துமாதலால் அச்சொல்லையே இங்கு ஆளுகின்றேன்.

வாரைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு நட்டத்தால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் முதன்முறையாகச் சென்னையிலிருந்து கப்பலேறி இத்தீவுக்கு வந்திருந்தார். ஒரு வாரம் அவரைச் சிற்றறைச் சிறைக்கும் சாத்தம் மர ஆலைக்கும் அழைத்துச் சென்று படம் எடுத்தேன். கடைசி நாள், அபர்தீன் துறையிலிருந்து ராஸ் தீவுக்குப் படகில் சென்றோம். 2018-இல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. திரும்பி வந்து துறையில் இறங்குகையில் தாயாரின் கையைப் பற்றுவதற்காகக் குனிந்தேன். கழுத்தில் தொங்கிய காமிரா முன்னே ஊசலாடிற்று. படகின் விளிம்பில் இடித்தது. அடுத்த நொடியில் வார் மட்டும் என் கழுத்தில் இருந்தது. காமிரா படிக்கல்லில் மோதி நீரில் வீழ்ந்தது. அந்த வாரத்துப் படங்கள் அனைத்தும் அதனுள் இருந்த அட்டையோடு போயின. தாயார் அதன்பின் கப்பலேறவில்லை.

வீட்டுக்கு வந்து வாரைப் பார்த்தேன். பட்டையில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. காமிராவின் காதையும் பட்டையையும் சேர்க்கும் சிறு வளையம் துருவேறி, தேய்ந்து, வாய் பிளந்திருந்தது. என் கண்ணில் நாள்தோறும் பட்ட பட்டை உறுதியாக இருந்தது. கண்ணில் படாத வளையம் ஏமாற்றிவிட்டது. வார் வாங்குவோர் பலரும் செய்யும் பிழை இதுவேயாகும். பட்டையின் மென்மையையும் நிறத்தையும் பார்த்து வாங்குகின்றனர். அது காமிராவோடு சேரும் மூட்டை எவரும் பார்ப்பதில்லை.

காமிராவைக் கழுத்தில் மாட்டும் வழக்கமே அவ்வளவு பழையதன்று. 1890-களில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி அந்தமான் பழங்குடியினரைப் படம் எடுத்த காலத்தில், கண்ணாடித் தகடு இடும் பெரிய பெட்டியை முக்காலியின்மீது நிறுத்தியே வேலை செய்ய வேண்டியிருந்தது. 1925-இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் லைக்கா என்னும் சிறு காமிரா வெளிவந்தது. திரைப்படச் சுருளையே பயன்படுத்திய அக்கருவி சட்டைப்பையில் அடங்கும் அளவினது. அதற்கு மெல்லிய தோல்வார் ஒன்று போதுமானதாயிருந்தது. பின்னர் வந்த லைக்கா எம்3 போன்றவையும் 600 கிராமை எட்டவில்லை. கழுத்துவார் என்னும் வழக்கம் அந்த இலேசான கருவிகளுக்கு ஏற்பட்டது. கனத்த கருவிகளைக் கொண்டோர் வேறு வழி கண்டனர். நம் நாட்டின் முதற் பெண் செய்திப்படக் கலைஞராகிய ஹோமாய் வியாரவாலா, ஸ்பீட் கிராபிக் என்னும் பெரிய காமிராவையும் கையாண்டவர்; அக்கருவியின் பக்கத்தில் கையை நுழைத்துப் பிடிப்பதற்குத் தோல்வார் ஒன்று உண்டு. நம் தமிழகத்துக் கானுயிர் அறிஞர் மா. கிருஷ்ணன், பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பெருங்காமிராவோடு யானைக் காடுகளில் திரிந்தார்.

இன்றைய நிலை என்ன? கருவி கனத்துவிட்டது, வழக்கம் மட்டும் மாறவில்லை. கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிரா 600, 700 கிராம் இருக்கும். கண்ணாடியுள்ள பெரிய வகை ஒரு கிலோ வரும். திருமண மேடையைத் தொலைவிலிருந்து எடுக்க உதவும் பெரிய லென்ஸ் மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆக இரண்டு முதல் இரண்டரைக் கிலோ வரையுள்ள சுமையை, 600 கிராமுக்கு ஏற்பட்ட முறையிலே கழுத்தில் கட்டிக்கொண்டு, முகூர்த்தம் தொடங்கிப் பந்தி முடியும்வரை நிற்கின்றோம்.

சுமை தூக்கும் கலையில் நம் முன்னோர் தேர்ந்தவர். தலையில் கூடை வைக்குமுன் சும்மாடு வைத்தனர். சும்மாடு சுமையைக் குறைப்பதில்லை. அச்சுமை அழுத்தும் பரப்பைப் பெருக்குகின்றது. வாரின் அகலம் செய்வதும் அதுவே. இரண்டு கிலோ எடையை ஒரு செ.மீ. அகலப் பட்டையில் தொங்கவிட்டு, அது தோளில் 15 செ.மீ. நீளத்துக்குப் படிந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் ஏறக்குறைய 133 கிராம் அழுத்தும். அதே பட்டை நான்கு செ.மீ. அகலமானால் அழுத்தம் 33 கிராமாகக் குறைந்துவிடும். ஆயின் அகலம் மிகுந்தால் சுகமும் மிகும் என்று எண்ணிவிடலாகாது. ஐந்து, ஆறு செ.மீ.க்கு மேற்பட்ட விறைத்த பட்டை கழுத்தின் வளைவுக்கு இணங்காது. அதன் ஓரம் மட்டும் அழுந்தி, கத்தி முனைபோல் உறுத்தும். கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். ஓரம் மழுங்கியதாகவும், நடுப்பகுதி தடித்ததாகவும், உடலுக்கு இசைந்து வளைவதாகவும் இருக்க வேண்டும்.

அகலத்தைவிட முதன்மையானது, சுமை எங்கே இறங்குகின்றது என்பது. பேருந்து நடத்துநரின் தோல்பையை நினைத்துப் பாருங்கள். சில்லறை நிறைந்த கனமான பை. நாள் முழுவதும் ஆடும் வண்டியில் நின்றுகொண்டே வேலை. அவர் அதைக் கழுத்தில் நேராகத் தொங்கவிடுவதில்லை. ஒரு தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே மறுபக்க இடுப்புக்கு வருமாறு மாட்டுகின்றார். தபால்காரரும் அவ்வாறே. தவில் வாசிப்பவர் ஊர்வலத்தில் நாடாவைத் தோளிலே போட்டுத்தான் நடக்கின்றார். தோள் எலும்பும் அதைச் சூழ்ந்த தசையும் சுமை தாங்குவதற்கு அமைந்தவை. கழுத்திலுள்ள ஏழு சிறு எலும்புகளுக்குத் தலையின் சுமையே போதுமானது. படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்க்கத் தலை குனியும்போது அவற்றின்மேல் விழும் பாரம் இன்னும் கூடுகின்றது. அந்நேரத்தில் முன்புறம் ஊசலாடும் இரண்டு கிலோவையும் அவற்றின் தலையிலே கட்டுவது நீதியன்று.

டாலிகஞ்சில் என் அயல்வீட்டார் ஒருவர் திருமணப் படம் எடுத்துப் பிழைப்பவர். பன்னிரண்டு ஆண்டுகள் இரண்டு காமிராக்களைக் கழுத்திலே மாட்டி வேலை செய்தார். பிறகு வலக்கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. மருத்துவர் மருந்து கொடுத்ததோடு, கழுத்திலிருந்து சுமையை இறக்கும்படியும் சொன்னார். இரு தோள்களிலும் மாட்டி முதுகில் குறுக்காகச் சேரும் இரட்டை வாருக்கு அவர் மாறினார். அது சிலுவை போன்ற தோற்றமுடையது. மேல்சட்டையை வியர்வையில் நனைத்துவிடுகின்றது. மாப்பிள்ளை வீட்டார் வேடிக்கை பார்க்கின்றனர். ஆயினும் தம் தொழிலைக் காத்தது அதுதான் என்கின்றார் அவர். இரண்டு கருவிகளோடு நாள் முழுதும் நிற்பவருக்கு அதுவே தக்கது. ஒரு சிறு காமிராவோடு கோயிலுக்குச் செல்லும் நமக்கு அவ்வளவு கட்டு வேண்டியதில்லை. குறுக்காக மாட்டும் ஒற்றை வார் போதும்.

குறுக்குவாரின் நீளத்தைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும். காமிரா இடுப்பெலும்பின் சற்று மேலே படிய வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் தொடையில் மோதும். படகின் கைப்பிடியிலும் பேருந்தின் கம்பத்திலும் இடிக்கும். மிக மேலே இருந்தால் கண்ணுக்குக் கொண்டுவர வார் போதாது. தோளிலுள்ள பட்டை அசையாமல் நிற்க, காமிரா மட்டும் அதன்மேல் வழுக்கிக் கண்வரை ஏறும் அமைப்பு இப்பொழுது கிடைக்கின்றது. விரைந்து படம் எடுப்போருக்கு அது நல்லது. மகளிர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ரப்பர்ப் பிடிப்புள்ள பட்டை பருத்திப் புடைவையில் நன்றாக நிற்கும். பட்டுப் புடைவையில் இழைகளை இழுத்துவிடும். பட்டுக்கு மெல்லிய பருத்தி உட்புறமுள்ள பட்டையே ஏற்றது. கழுத்துவாராயின் தாலிச்சங்கிலியோடு சிக்கிக்கொள்ளும் தொல்லையும் உண்டு. குறுக்குவாரில் அது குறைவு.

இனிப் பாதுகாப்பைப் பார்ப்போம். இங்கே சிறிது கணக்குத் தேவைப்படுகின்றது, பொறுத்தருள்க.

இரண்டு கிலோ எடையுள்ள காமிரா அசையாமல் தொங்கும்போது வாரின்மேல் இரண்டு கிலோ பாரமே உண்டு. அது கையிலிருந்து நழுவி, வார் தளர்ந்திருக்கும் 50 செ.மீ. தூரம் விழுந்து, பின்னர் வாரால் நிறுத்தப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். வார் 5 செ.மீ. நீண்டுகொடுத்து நிறுத்தினால், அந்த நேரத்தில் அது தாங்கும் சராசரி இழுவிசை ஏறத்தாழ 22 கிலோ எடைக்குச் சமம். சற்றும் நீளாத விறைப்பான வார் இரண்டே செ.மீ.யில் நிறுத்தினால் இழுவிசை 52 கிலோவாகும். நுரை ரப்பர் சேர்த்த பட்டை 10 செ.மீ. நீண்டுகொடுத்தால் 12 கிலோதான். நீச்சல் வீரர் உடைக்குப் பயன்படும் நியோப்ரீன் என்னும் நுரை ரப்பரைச் சிலர் விரும்புவதற்குக் காரணம் இதுவே. ஆனால் அது நடக்கும்போது கருவியைத் துள்ளச் செய்யும். காற்றுப் புகாமையால் நம் தீவின் புழுக்கத்தில் தோளை வேக வைத்துவிடும். எனக்கு அது ஒத்துவரவில்லை. நடுத்தரமாக நீளும் நெய்த பட்டையே என் விருப்பம்.

எதை வாங்கினாலும், 22 கிலோவோ 52 கிலோவோ, அந்த இழுப்பு முழுவதும் பட்டையின் வழியே சென்று காமிராவின் காதில் உள்ள சிறு வளையத்தில்தான் முடிகின்றது. சாவிக்கொத்து வளையம்போல் இரு சுற்றாக அமைந்த வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு சுற்றுகளுக்கு இடையே நகம் நுழையுமளவு இடைவெளி தோன்றினால் அது தன் வேலையை முடித்துக்கொண்டது என்று அறிக. மற்றொரு தீமையும் உண்டு. இரும்பு வளையம் நாள்தோறும் உராய்ந்து காமிராவின் காதையே மெல்ல அரிக்கின்றது. முக்கோண வளையத்தோடு சிறு தோல் அல்லது பிளாஸ்டிக் காப்பு வருவது இதைத் தடுக்கத்தான்; அழகில்லை என்று அதைக் கழற்றி எறிகின்றவர்களை நான் கண்டிருக்கின்றேன். இன்று சில வார்களில் வளையத்துக்குப் பதிலாகத் தடித்த நூற்கயிற்றுக் கண்ணி உள்ளது. மேல்நூல் தேய்ந்தால் உள்ளேயிருக்கும் வேறு நிறம் வெளிப்படுமாறு செய்யப்பட்டிருக்கும். நிறம் தெரிந்த அன்றே மாற்றிவிட வேண்டும். தீபாவளி கழியட்டும் என்று வைத்திருத்தல் கூடாது.

குறுக்குவார் சிலவற்றில் வார் காமிராவின் காதில் சேர்வதில்லை. முக்காலிக்கென அடியிலுள்ள துளையில் ஒற்றைத் திருகாணியால் சேர்கின்றது. அத்துளை கால் அங்குல விட்டமுடையது. அங்குலத்துக்கு 20 புரி. உலகெங்கும் பெரும்பாலான காமிராக்களுக்கு அளவு ஒன்றே. வசதியான முறைதான், ஆயினும் நடையின் அதிர்விலும் படகு எந்திரத்தின் அதிர்விலும் திருகாணி மெல்ல மெல்லக் கழலும். இதனை விரும்புவோர், காமிராவின் காதையும் வாரையும் இணைக்கும் சிறு துணைக்கயிறு ஒன்றைத் தவறாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருமுறை விரலால் திருகிப் பார்க்கவும் வேண்டும்.

வாரைக் கோப்பதிலும் பலர் தவறுகின்றனர். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு பிளாஸ்டிக் சட்டம் ஒன்று உண்டல்லவா? வாரின் முனையைக் காதில் நுழைத்து மடித்து, சட்டத்தின் மேற்புறமாக ஓட்டி, முனையை வெளியே தொங்கவிடுகின்றனர். அப்படிவிட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் முனை மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கும். சரியான முறை இது: மடித்த முனையை, ஏற்கெனவே சட்டத்தினூடே செல்லும் பட்டையின் அடியில் நுழைத்து வெளியே இழுக்க வேண்டும். அப்பொழுது இழுப்பு மிகுந்தோறும் மேற்பட்டை கீழ்முனையை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். முனை ஐந்து செ.மீ.யாவது மிஞ்சியிருக்கட்டும். காமிராவோடு வரும் விளக்க நூலில் இதன் படம் பெரும்பாலும் இருக்கும். நாம்தான் அந்நூலைப் பிரிப்பதில்லை.

மெட்ராஸிலோ பெங்களூரிலோ வாழ்வோருக்கு இவ்வளவோடு நிறுத்திவிடலாம். நம் தீவுக்கு இன்னும் சொல்ல வேண்டியிருக்கின்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை, இரு பருவக் காற்றுகளும் நம்மைத் தொடுகின்றன. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் உண்டு, அவ்வீரத்தில் உப்பு உண்டு. டாலிகஞ்ச் கடற்கரையில் நேரே நிற்கும் ஊர் அன்று. ஆயினும் நம் வீட்டுச் சன்னல் கீல்கள் எவ்வளவு விரைவில் துருவேறுகின்றன என்பதை நாம் அறிவோம். அதே காற்று அலமாரியில் தொங்கும் வாரின் கொக்கியையும் தின்கின்றது.

தோல்வார் அழகானது, பழகப் பழக மென்மையாகும், விலையும் மிகும். சென்னையில் நான் அதைப் பரிந்துரைப்பேன். இங்கே ஆனி, ஆடி மாதங்களில் இரு வாரம் கவனியாதிருந்தால் அதன்மேல் வெண்பூசணம் படர்ந்துவிடும். வியர்வை உப்பு ஏறிய தோல் வளையும் இடத்தில் வெடிக்கும். உட்புறம் நைந்திருப்பது வெளியே தெரியாது. பருத்திக் கித்தான் தோளுக்கு இதமானது. ஆனால் நனைந்தால் உலர நாளாகும், ஈரத்தில் இற்றுப்போகும். நைலான் வலிமையுடையது, நீரைச் சிறிது உறிஞ்சி நனைந்தபோது சற்று நீளும், வெயிலில் நெடுங்காலம் கிடந்தால் வலிவு குன்றும். பாலியெஸ்டர் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை. வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். மோட்டார் வண்டியில் இருக்கைப்பட்டையாக வருவது பெரும்பாலும் இதுவே. நம் தீவுக்கு என் தேர்வு பாலியெஸ்டர்ப் பட்டை. தோளில் படும் பகுதிக்கு மட்டும், கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை.

உலோக உறுப்புகளில் மினுமினுப்பைக் கண்டு மயங்கலாகாது. மெருகிட்ட மட்ட உலோகத்தின் மெருகு போனவுடன் துரு புகும். துருப்பிடிக்காத எஃகு விலை சற்றுக் கூடுதல், அதுவே வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவே உப்புநீரும் இருந்தால், மெலிந்த உலோகம் அரிக்கப்படும். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இதனால்தான். அரிப்பைத் துத்தநாகம் தன்மேல் ஏற்றுக்கொண்டு கப்பலின் எஃகைக் காக்கின்றது. காமிராவின் உடல் அலுமினியத்தாலோ மக்னீசியக் கலவையாலோ ஆனதாயின், எஃகுத் திருகாணியை உப்பு நீரோடு மாதக்கணக்கில் அதன் அடியில் விட்டுவைத்தால், துத்தநாகக் கட்டியின் கதி காமிராவுக்கு நேரும். ஆகையால் படகுப் பயணம் முடிந்து வீடு வந்தவுடன் திருகாணியைக் கழற்றுங்கள். வாரைத் தனியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். காமிராவின் காதை ஈரத்துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பத்து நிமிட வேலை.

படகில் செல்லும்போது ஒரு கட்டாய விதி: உயிர்காப்புச் சட்டையை முதலில் அணிந்து, அதன் வெளியே வாரை மாட்ட வேண்டும். சட்டைக்கு அடியில் குறுக்காக மாட்டிய வாரை நீரில் கழற்ற முடியாது. கருவியைக் காக்கும் வார் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. ஒரு கையால் அழுத்தியவுடன் விடுபடும் கொக்கியுள்ள வாரை இங்கே விரும்பத்தக்கது என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே. நீரில் மிதக்கும் நுரைவார் என்று மணிக்கட்டில் கட்டுவது ஒன்று விற்கின்றது. நீர் புகாத சிறு காமிராவுக்கு அது மிக நல்லது. இரண்டு கிலோ கருவியை அது மிதக்கவிடும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். உறையில் எத்தனை கிராம் தாங்கும் என்று எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

விடுபடும் கொக்கிக்கு நம் தீவில் வேறொரு பயனும் இருக்கின்றது. ஜிர்க்காடாங் சாவடியைக் கடந்து ஜாரவா மக்களின் காட்டுவழியே வண்டிகள் அணியாகச் செல்லும்போது, காமிராவை வெளியே வைத்திருத்தல் ஆகாது. அம்மக்களைப் படம் எடுப்பது 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி குற்றமாகும், அது முறையுங்கூட. ஊரிலிருந்து வரும் உறவினர் அறியாமல் கழுத்திலே மாட்டியபடி அமர்ந்திருப்பர். வாரைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்ல வேண்டியவர் இங்கே குடியிருக்கும் நாம்தான். விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதிகளிலும் அப்படியே.

இருசக்கர வண்டியில் பின்னே அமர்வோர் வார்முனை சக்கரத்தின்பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு குழந்தையின் கழுத்தில் விளையாட்டுக்காகவும் வாரை மாட்டலாகாது. பெருநகரங்களில் வாழ்வோர் திருடருக்கு அஞ்சி, உள்ளே எஃகுக் கம்பி வைத்த வாரைக் கேட்கின்றனர். கத்தியால் அறுப்பதற்கு அது தடைதான். ஓடும் வண்டியிலிருந்து ஒருவன் பற்றி இழுத்தால், அறுபடாத வார் உடையவரைத் தரையில் இழுத்துச் செல்லும் என்பதையும் எண்ணிக்கொள்க. கூட்டத்தில் காமிராவை உடலின் முன்பக்கம் திருப்பி, ஒரு கையை அதன்மேல் வைத்திருப்பதே எனக்குப் போதுமென்று தோன்றுகின்றது. கைப்பேசியிலேயே படம் எடுப்பவர்களும் இப்பொழுது கயிறு மாட்டுகின்றனர். அவர்கள் பார்க்க வேண்டியது, உறையின் துளையில் கயிறு சேரும் மூலை. மெல்லிய ரப்பர் உறை அவ்விடத்தில்தான் கிழியும்.

வாங்குமிடம் பற்றிச் சில சொற்கள். அபர்தீன் கடைத்தெருவில் அகப்படும் வகைகள் சிலவே. தபாலில் வரவழைத்தால் தலைநிலத்தைவிட நாள் கூடுதலாகும். புகழ்பெற்ற வார்களைப் போலவே தோன்றும் போலிகள் பல. தையலைப் பாருங்கள். பட்டை மடிந்து சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து, அச்சதுரத்துக்குள் குறுக்கும் மறுக்குமாக ஓட்டியிருக்க வேண்டும்; கப்பலில் சரக்குக் கட்டும் பட்டைகளில் அத்தையலைக் காணலாம். ஒற்றை வரித் தையல் ஒரு நூல் அறுந்தால் முழுதும் பிரியும். பிளாஸ்டிக் கொக்கியை ஐம்பது முறை பூட்டித் திறந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெரிய விலை கொடுக்க இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. பை தைப்பவர் ஒருவரிடம் நான்கு செ.மீ. பாலியெஸ்டர்ப் பட்டையும் எஃகு வளையமும் வாங்கிக் கொடுத்து, பாலியெஸ்டர் நூலாலேயே தைக்கச் சொன்னால் நல்ல வார் கிடைக்கும். பருத்தி நூலால் தைக்க விடாதீர்கள். பட்டை இருக்க நூல் மட்டும் இற்றுவிடும். என் தோளில் இன்று கிடப்பது அவ்வாறு தைத்ததே.

புதிய வாரை மாட்டியதும் அதனை நம்பிவிடாமல் ஒரு சோதனை செய்கின்றேன். மெத்தையின்மேல் குனிந்து நின்று, காமிராவைக் கழற்றி அதன் எடைக்குச் சமமான மணற்பையை அதே வளையங்களில் கட்டி, முழங்கை உயரத்திலிருந்து விட்டுவிடுகின்றேன். மூன்று முறை. பின்பு ஒவ்வொரு மூட்டையும் வெளிச்சத்தில் பார்க்கின்றேன். மாதம் ஒருமுறை வளையங்களை நகத்தால் நெருடிப் பார்ப்பதும் உண்டு.

இவ்வாண்டு உத்திரத்துக்கு முந்திய இரவும் அவ்வாறு செய்தேன். மூன்றாம் முறை விட்டபோது இடப்பக்கத்து வளையம் சிறிது வாய் திறந்தது. எஃகு என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது; காந்தத்தையும் துருவையும் ஒருங்கே ஈர்த்தது. பெட்டியில் இருந்த வேறொரு வளையத்தை எடுத்து மாட்டி, அதையும் மூன்று முறை விட்டுப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தேன். விடியற்காலைப் பேருந்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.